படகும் பாஷ்யமும்

பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்துப் பதினெட்டாம் சுலோகத்துக்கு உரை வகுக்கும் இடத்தில் ஆதிசங்கரர் ஒரு படகைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கர்மத்தில் அகர்மத்தையும் அகர்மத்தில் கர்மத்தையும் காண வல்லவன் எவனோ அவனே மனிதருள் புத்திமான் என்பது அந்தச் சுலோகத்தின் திரண்ட பொருள். செயலைச் செயலின்மையாகக் காண்பது பிராந்தியல்லவா, ஒன்றை மற்றொன்றாகப் பார்க்கச் சொல்லிப் பகவான் உபதேசிப்பாரா என்று ஆக்ஷேபம் எழுப்புகிறவனுக்கு அவர் தரும் சமாதானத்தில்தான் படகு வருகிறது. ஓடும் படகில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கரையில் அசையாது நிற்கும் மரங்கள் எதிர்த்திசையில் ஓடுவதாகத் தோன்றுகின்றன. கண்ணுக்கு அணுக்கமில்லாத தூரத்திலோ, மெய்யாகவே போய்க்கொண்டிருப்பவை நிற்பதாகத் தோன்றுகின்றன. உலகத்தார் இவ்விதம் எப்போதும் தலைகீழாகக் கண்டே பழகியவர்களாதலால், அந்தக் காட்சியை நேர்செய்வதற்காகவே சுலோகம் பிறந்தது என்பது ஆசாரியருடைய கருத்து.

ஓடும் மரங்கள் என்னும் உவமை அவருக்கு முன்பே இந்நாட்டில் வழங்கியதுதான். கி.பி. 499-ஐச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் ஆரியபடீயத்தில், நட்சத்திரங்கள் மேற்கு நோக்கி ஓடுவதாக நமக்குத் தோன்றுவதை விளக்க வந்த ஆரியபட்டர், படகில் செல்பவன் கரையிலுள்ளவற்றைப் பின்னோக்கிச் செல்வனவாகக் காண்பதையே எடுத்துக்காட்டினார். வான சாஸ்திரிக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. வேதாந்தியோ தூரத்தில் நடந்துபோகிறவன் நிற்பவனாகத் தெரிவதையும் அதனோடு சேர்த்துக்கொண்டார். உபன்யாசங்களில் நாம் பெரும்பாலும் கேட்பது மரங்கள் ஓடும் பாதியைத்தான். அது கேட்பதற்கு இனிமையாகவும், ஆத்மா அசைவற்றது என்ற முடிவுக்கு நேரே கொண்டுபோய் விடுவதாகவும் இருக்கிறது. மற்றப் பாதி அவ்வளவு இனிமையானதன்று. அதை நான் பொருட்படுத்திச் சிந்தித்தது குட்டநாட்டு நீர்வழியில் ஒரு ஹவுஸ்போட்டின் முகப்பில், பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டிருந்தபோதுதான்.

சங்கரர் பிறந்ததாகச் சொல்லப்படும் காலடி பெரியாற்றின் கரையில் இருக்கிறது. அதற்குத் தெற்கே, பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்னும் ஆறுகள் மலையிலிருந்து இறங்கி, இனிப் போவதற்கு அவசரமில்லை என்பதுபோல் பல கிளைகளாகப் பிரிந்து, வேம்பநாட்டுக் காயலில் கலக்கும் பூமியே குட்டநாடு. தமிழருக்கு இது அந்நிய தேசமன்று. பழைய இலக்கண உரைகாரர்கள் எண்ணிய பன்னிரண்டு கொடுந்தமிழ் நாடுகளில் குட்டநாடும் ஒன்று. நம்மாழ்வார் திருவாய்மொழியில் மங்களாசாசனம் செய்தருளிய திருப்புலியூரை வைஷ்ணவர்கள் இன்றளவும் குட்டநாட்டுத் திருப்புலியூர் என்றே வழங்குகிறார்கள். பம்பைக் கரையில் வள்ளங்களுக்குப் பேர்போன ஆறன்முளை, அவர் பாடிய திருவாறன்விளையே. ஆலப்புழையில் படகேறி நெடுமுடி, கைநகரி, சம்பக்குளம் என்று போகும் தமிழ் யாத்திரிகன் தன் பழைய பாட்டன் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் உலாவுகிறான். ஆனால் அவன் கையில் இருப்பது திவ்யப்பிரபந்தமல்ல, கேமரா.

படகைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டுவள்ளம் என்பது ஆஞ்சிலிப் பலகைகளை ஓர் ஆணியும் அடிக்காமல் தென்னங்கயிற்றால் இழுத்துக் கட்டி, முந்திரியிலிருந்து காய்ச்சி எடுத்த கருஞ்சாற்றைப் பூசிச் செய்த சரக்குத் தோணி. நெல்லும் மிளகும் இதில் ஏறித்தான் துறைமுகங்களுக்குப் போயின. சாலைகளும் லாரிகளும் வந்தபின் கரையோரங்களில் கேட்பாரற்றுக் கிடந்த இந்தத் தோணிகளுக்கு, 1990-களில் மூங்கிலாலும் பாயாலும் கூரை வேய்ந்து, படுக்கையறையும் குளியலறையும் சமையற்கட்டும் அமைத்து, கழுக்கோல் ஊன்றித் தள்ளியவர்களின் இடத்தில் எஞ்சினை வைத்து, உல்லாசப் பிரயாணிகளுக்கு விட்டார்கள். இப்போது ஓடுவனவற்றில் பல புதிதாகக் கட்டியவை. மாடி வைத்தவையும் உண்டு. இரவெல்லாம் குளிர்சாதனம் ஓட்டுவதற்காக ஜெனரேட்டர் உறுமுகிற இடத்தில், இயற்கையின் மௌனத்தைக் கேட்பதற்கென்று வந்தவர்கள் கண்ணாடிச் சன்னலை இறுகச் சாத்திக்கொண்டு உறங்குகிறார்கள்.

இந்தப் பரிகாசத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், அங்கே கிடைக்கும் சுகம் மெய்யானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. படகு அசைகிறதா என்பதே தெரியாத அசைவு. நீர்மட்டத்தை ஒட்டிய வரப்பில் வரிசையாகச் சாய்ந்த தென்னைகள். அவற்றுக்கு அப்பால், நீரைவிடத் தாழ்வாக, மரகதத் தகடு பரப்பியதுபோல் நெல்வயல். மாதா கோயிலின் வெள்ளைச் சுவர் ஒன்று மெல்ல வந்து, மெல்லப் போகிறது. இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு நாம் ஒரு விரலையும் அசைக்க வேண்டியதில்லை. என்னோடு வந்த நண்பர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வேதாந்த விசாரத்தில் இறங்கியவர், நீண்ட நேரம் பேசாதிருந்துவிட்டு, "சாக்ஷி பாவம், சாக்ஷி பாவம் என்று படித்தோமே, அது இதுதான் ஐயா. நான் எதையும் செய்யவில்லை. சும்மா சுகமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு இயல்பான வாக்கியம்! ஆயினும் அந்த வாக்கியத்தைச் சங்கரர் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார். படகு வரும் அதே பாஷ்யப் பகுதியில், ஒன்றும் செய்யாமல் வாளாவிருந்து சுகித்திருக்கிறேன் என்று நினைப்பவனை எடுத்துக்கொண்டு, அந்த நினைப்பும் அஹங்காரத்தின் காரியமே, ஆகவே அது கர்மமே என்று அவர் தீர்ப்புச் சொல்லுகிறார். செயலில் நான் செய்கிறேன் என்ற அபிமானம் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே, செயலை நிறுத்துவதில் நான் நிறுத்தினேன் என்ற அபிமானம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேகமும் இந்திரியங்களும் ஓய்வதை ஆத்மாவின்மேல் ஏற்றிச் சொல்வதும், அவை ஓடுவதை ஆத்மாவின்மேல் ஏற்றிச் சொல்வதும் ஒரே தரத்து அத்தியாசம். அகர்மத்தில் கர்மத்தைக் காண் என்று கீதை சொல்வது, முதன்மையாக, இப்படிச் சும்மா இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பவனைப் பார்த்துத்தான்.

அத்வைதத்தின் இன்னொரு சாதாரணக் கோட்பாட்டை நினைத்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கர்த்தாவும் போக்தாவும் இரட்டைப் பிறவிகள்; எங்கே அனுபவிக்கிறேன் என்பது உண்டோ அங்கே செய்கிறேன் என்பதும் உண்டு. காற்றின் குளிர்ச்சியை ரசித்துக்கொண்டு, உச்சிவேளைக்கு வரப்போகும் கரிமீன் பொரியலை நினைந்துகொண்டு, கொடுத்த வாடகைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டுவார்கள் என்று கணக்கிட்டுக்கொண்டு முகப்பில் சாய்ந்திருப்பவன் பூரண போக்தா. அவனைச் சாக்ஷி என்று அழைப்பது சாக்ஷிக்கு இழைக்கும் அபசாரம்.

நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் தளரவில்லை. "பாஷ்யத்தின்படி நான் கர்த்தாவாகவே இருக்கட்டும், ஆனால் பிறருக்கு என்னால் ஓர் இடைஞ்சலும் இல்லையே" என்றார். சுவர்போல் எழுப்பிய வரப்பை ஒட்டி அப்போது படகு போய்க்கொண்டிருந்தது. வரப்பில் சிறு வீடு. வீட்டுக்கு முன் நீருக்குள் இறங்கும் நாலைந்து கற்படிகள். கடைசிப் படியில் ஒரு ஸ்திரீ குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் படகைக் கண்டதும் அவள் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. தேய்த்து வைத்திருந்த அலுமினியக் குண்டானை ஒரு கையாலும், சாம்பல் தொட்டுவைத்த தேங்காய்நாரை மறு கையாலும் எடுத்துக்கொண்டு, சேலையை முழங்காலளவு சுருட்டி, இரண்டு படி மேலே ஏறி நின்றாள். எங்கள் அலை வந்து படிகளில் மோதி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தை மூடி, வரப்பின் மண்ணை நனைத்து, கலங்கலாகத் திரும்பியது. அவள் மறுபடியும் இறங்கி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்குமுன், எங்களுக்குப் பின்னால் வந்த படகின் அலைக்காக அப்படியே காத்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அந்த வழியாக அன்று எத்தனை படகுகள் போயிருக்கும், எத்தனை முறை அவள் ஏறி இறங்கியிருப்பாள் என்பதை அவளுடைய உடம்பே கணக்கு வைத்திருந்ததுபோல், சிறிதும் பதற்றமின்றி அந்தக் காரியம் நடந்தது.

அவள் எழுந்து ஏறியதை நண்பரும் பார்த்தார். ஐம்பது கஜம் தள்ளிப் போனபின் திரும்பிப் பார்த்தால், தென்னையும் படியும் அவளும் சேர்ந்து வர்ணச் சித்திரமாகத் தெரிந்தார்கள். ஆசாரியர் சொன்ன மறு பாதி இதுவே. தூரத்தில் நடப்பவர் நிற்பவராகத் தெரிகிறார். நாம் ரம்மியம் என்று சொல்லிப் புளகிக்கும் காட்சிகளில் ஒரு கணிசமான பங்கு இந்தத் தூரத்தால் விளைந்தது; அருகில் சென்றால் அங்கே யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

குட்டநாட்டில் அந்த வேலை சாமானியமானதன்று. கடல் மட்டத்துக்குச் சுமார் 2 மீட்டர் வரை தாழ்ந்த நிலத்தில் நெல் விளைவிக்கும் தேசம் அது. 2013-ல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இதை உலக விவசாய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. தண்ணீர் மேலேயும் பயிர் கீழேயும் இருப்பதால், விதைப்பதற்கு முன் வயலிலிருக்கும் நீரை இறைத்து ஆற்றில் கொட்ட வேண்டும். விளையும் காலமெல்லாம் ஊறி வருவதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முற்காலத்தில் இதற்குச் சக்கரம் என்னும் மரச்சாதனம் இருந்தது. பல இலைகளையுடைய அந்தச் சக்கரத்தின்மேல் ஆட்கள் வரிசையாக அமர்ந்து, காலால் மிதித்து மிதித்து, இரவு பகலாக நீரை வரப்புக்கு மேலே தள்ளினார்கள். பிறகு பெட்டியும் பறையும் என்று வழங்கும் இறைப்பு யந்திரம் வந்தது; இன்றும் பாடசேகரங்கள் என்னும் வயற்கூட்டங்களின் ஓரத்தில் அதன் மரப்பெட்டி வழியே நீர் நுரைத்து விழுவதைப் படகிலிருந்து காணலாம். அதையும் பிரயாணிகள் ஓர் அழகிய சிறு அருவியென்று படம் பிடிக்கிறார்கள். இவ்விதம் ஓட்டப்பட்ட சக்கரத்தை இங்கே யார் தொடர்ந்து சுழற்றவில்லையோ, இந்திரிய சுகங்களில் திளைக்கும் அவன் வாழ்வு வீண் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்லும் இடம், யக்ஞ சக்கரத்தைக் குறித்தது என்பதை அறிவேன். எனினும், ஆட்கள் மிதித்த சக்கரம் மறைந்துபோன ஒரு வயலைப் பார்த்துக்கொண்டு குளிர்ந்த இளநீரைப் பருகுகிறவனுக்கு அந்தச் சுலோகம் நினைவுக்கு வருமானால் அது அவன் பாக்கியம்.

இங்கே ஓர் அபாயத்தையும் சொல்லி எச்சரிக்க வேண்டும். கரையிலுள்ள உழைப்பாளியைக் கண்டதும், ஆகா, இவனல்லவா கர்மயோகி, பலனில் பற்றின்றிச் செய்கிறான், கர்மத்தில் அகர்மம் இவனிடத்தில் சித்தித்திருக்கிறது என்று புகழ்ந்துவிட்டு நகர்வது படித்தவர்களுக்குச் சுலபமாக வரும் வித்தை. காயலை மீட்டு வயலாக்கிய சரித்திரத்தைப் பார்த்தால் அந்தப் புகழ்ச்சியின் பொய்மை விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே தொடங்கிய அந்தப் பெருமுயற்சியில், தென்னங்குற்றிகளை இரண்டு வரிசையாகக் காயலடியில் இறக்கி, நடுவே மூங்கிற் தட்டியும் தழையும் மணலும் இட்டு, அதன்மேல் களிமண் கட்டியைச் சேர்த்துச் சேர்த்து வரப்பு எழுப்பினார்கள். அந்தக் களிமண்ணை, ஆட்கள் மூச்சடக்கி நீருக்குள் மூழ்கி, காயலின் தரையிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவ்வாறு எடுத்தவர்களில் பெரும்பாலோர் புலையர் முதலிய, நிலத்தில் உரிமை மறுக்கப்பட்ட, கோயில் வாசலிலும் நிற்க இடமற்ற ஜாதியார். 1940-களில் முரிக்கன் என்று பிரசித்தி பெற்ற நிலவுடைமையாளர் முன்னின்று வேம்பநாட்டில் மீட்ட பெரும் வயல்களுக்குச் சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று பெயர். மூன்றும் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தை நினைவூட்டுபவை. மூழ்கியவன் பெயரில் ஒரு வாய்க்கால்கூட அங்கே நான் கேட்டதில்லை.

நான் செய்கிறேன் என்ற எண்ணத்தை ஒருவன் ஞானத்தால் துறப்பது ஒன்று; அவன் செய்தான் என்பதை மற்றவர்கள் ஒளித்துவிடுவது வேறொன்று. முதலாவது சந்நியாசம், இரண்டாவது களவு. வெளியே இருந்து பார்க்கும்போது இரண்டிலும் செய்தவன் பெயர் இல்லாதிருப்பது மட்டுமே தெரியுமாதலால், ஒன்றை மற்றொன்றாக மயங்குவதற்கு நம்முடைய சமய வாழ்வில் எவ்வளவோ இடம் இருந்துவந்திருக்கிறது. கர்த்ருத்வத்தைத் துறக்க வேண்டுமானால் முதலில் அது தன்னிடத்தில் இருக்க வேண்டும். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் குட்டநாட்டுத் தொழிலாளர்கள் சங்கம் வைத்துப் போராடியபோது, இது நான் செய்தது என்று அவர்கள் உரக்கச் சொன்னார்கள். அவர்களைப் பார்த்து அஹங்காரம் என்று சொல்ல வாய் திறப்பவர், பாஷ்யத்தைப் பிறருக்காக மட்டும் படித்தவர்.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. வியவகாரத்தையும் பரமார்த்தத்தையும் கலக்கிறேன் என்றார். பாஷ்யம் பேசுவது ஆத்மாவின் நிஷ்கிரியத்தைப் பற்றி, படகின் அலையைப் பற்றியன்று என்றார். அவர் கூறியது உண்மை; பாஷ்யத்தில் அலை இல்லை. ஆனால் வியவகாரத்தில் செய்த காரியத்துக்குப் பரமார்த்தத்தில் போய் ஒளிந்துகொள்பவனே முதலில் கலக்கியவன். அவனை வெளியே இழுப்பவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ராமானுஜர் இதே சுலோகத்துக்கு, அகர்மம் என்பதை ஆத்ம ஞானமாகக் கொண்டு, செய்யும் கர்மத்துக்குள்ளேயே ஞானத்தையும் ஞானத்துக்குள்ளே கர்மத்தையும் காண்பது என்று பொருள் கண்டார். தத்துவ நிர்ணயத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு ஆசாரியர்களுமே இடம் கொடுக்கவில்லை.

செயலின்மைக்குள் செயல் ஒளிந்திருப்பதற்கு வேறு திருஷ்டாந்தமும் அந்தத் தேசத்திலேயே இருக்கிறது. கோடையில் கடலின் உப்புநீர் காயலுக்குள் ஏறிப் பயிரைக் கெடுக்காதிருக்கத் தண்ணீர்முக்கத்தில் 1970-களில் ஒரு நெடிய தடுப்பு அணை கட்டி முடித்தார்கள். மாதக்கணக்கில் அதன் கதவுகளை அடைத்துவைக்கும்போது நெல் பிழைக்கிறது. ஆனால் அசையாமல் நின்ற நீரில் ஆகாயத்தாமரை மண்டுகிறது, அழுக்குத் தேங்குகிறது, உப்பும் நன்னீரும் கலந்த இடத்தில் வளரும் இறாலுக்கும் மீனுக்கும் வழி அடைபடுகிறது. 2002-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய அந்த நீர்ப்பரப்பில், தண்ணீர் சும்மா நிற்பதும் ஒரு பெரிய காரியம் ஆகிவிட்டது. விவசாயி அடைக்கச் சொல்கிறான். மீனவன் திறக்கச் சொல்கிறான். இருவரும் நியாயஸ்தர்கள். இதை எந்தச் சுலோகமும் தீர்த்துவைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் குட்டநாட்டுக்கே போகக்கூடாதா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். சௌந்தர்யத்தை மாயையென்று வெறுப்பது என் மதமன்று. ஆழ்வார் அந்த ஊர்களின் வளத்தைக் கண்டு பெருமாளை மறந்தவரல்லர். படகோட்டிகளும் சமையற்காரரும் இந்த உல்லாசப் பிரயாணத்தைக் கொண்டே ஜீவிக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் பிரளயம் போன்ற வெள்ளம் அந்தத் தேசத்தை மூழ்கடித்தபோது, வீடிழந்தவர்களைக் கரைசேர்க்கும் பணிக்கு இந்த உல்லாசப் படகுகளும் வந்தன. பொழுது சாயும் வேளையில் மீனவர்கள் வலை விரிப்பதற்காக எல்லா ஹவுஸ்போட்டுகளும் கரையில் கட்டப்பட வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. பிரயாணிகளுக்கு அது ஏமாற்றமாக இருக்கிறது, எனக்கோ அந்த ஊர்வழியில் கண்ட ஏற்பாடுகளிலெல்லாம் மிகுந்த விவேகமுள்ளதாகப்பட்டது. நீரை உல்லாசமாக அனுபவிக்கிறவர், நீரால் பிழைப்பவருக்கு ஒரு வேளையாவது வழிவிட்டு நிற்கிறார்.

நான் வேண்டுவது சொற்பம். அங்கே போகிறவர்கள், கூடுமானால் ஒருநாளாவது எஞ்சின் இல்லாத சிறு வள்ளத்தில், கோல் ஊன்றுகிறவரோடு உள்வாய்க்கால்களில் போய்ப் பாருங்கள். அதில் கரை கிட்டத்தில் இருக்கிறது, ஜனங்கள் சித்திரமாக மாறுவதில்லை. பெரிய படகில்தான் போவது என்றால், படித்துறையில் ஆள் இருப்பதைக் கண்டதும் எஞ்சினைக் குறைக்கும்படி ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள். எங்கள் படகில் அன்று பிற்பகல் சொன்னோம். அவர் மறுக்காமல் உடனே குறைத்தார், அதுவரை யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார்.